கழற்றி வைக்கக்கூடிய சடை



மும்பையின் குர்லா கிழக்கில் இரண்டாம் மாடியில் எங்கள் வீடு. ஒரு கூடம், ஒரு சமையலறை. காலை ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வரும், ஏழு மணிக்குள் நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் எங்கள் வாசலைக் கடந்து போகிறவர்களுக்கு மழையில் நனைந்த ஆட்டுக்கிடையின் வாடை அடிக்கும். உள்ளே நான் சம்மணமிட்டு உட்கார்ந்து, சுளகைக் கவிழ்த்துப் போட்டு, அதன் முதுகில் ஈரக் கம்பளியை உருட்டிக்கொண்டிருப்பேன். எல்லாம் தலையில் வைத்துப் பின்னிக்கொள்ளத்தான். இளைஞர்கள் டிரெட்லாக் என்று சொல்கிறார்களே, திரித்திரியாகத் தொங்கும் சடை, அதைச் செம்மறியாட்டு ரோமத்தில் வீட்டிலேயே செய்கிறேன்.

ஆரம்பித்தது என் அக்கா மகளால். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஒரு அழகுநிலையத்தில் போய் நைலான் சடைகளை வைத்துக்கொண்டு வந்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டு மாதத்தில் நெற்றியோரத்திலும் காதுக்கு மேலும் முடி கொட்டி, தோல் தெரிய ஆரம்பித்துவிட்டது. தோல் மருத்துவர் பார்த்துவிட்டு, நோயெல்லாம் ஒன்றுமில்லை, இழுவைதான் காரணம் என்றார். கனமான சடை இரவும் பகலும் இழுத்தால் மயிர்க்கால் எவ்வளவு நாள்தான் தாங்கும்? முடி திரும்ப வளர்ந்தது, ஆனால் ஆசை போகவில்லை. “சித்தி, கனமில்லாமல் நீ செய்து தர முடியுமா?” என்று கேட்டாள்.

என் கையில் அந்த வேலை கொஞ்சம் இருந்தது. திருநெல்வேலியில் எங்கள் ஆச்சி தலைசீவும்போது சீப்பில் வரும் முடியைச் சுருட்டி மாடக்குழியில் சொருகி வைப்பாள். ஒரு வருஷம் சேர்ந்ததும் சீயக்காய் போட்டு அலசி, சிக்கெடுத்து, கருப்பு நூலால் தலைப்பைக் கட்டிச் சவுரி செய்வாள். கல்யாணப் பெண்ணுக்கு ஜடை தைக்கவும், நாட்டியக்காரப் பிள்ளைகளுக்குப் பின்னல் நீட்டவும் அந்தச் சவுரிதான் போகும். நான் கம்பளியை எடுத்தபோது என் மாமியார், “ஆட்டு மயிரையா தலையில வைக்கப் போற?” என்று கேட்டார். சவுரியின் இன்னொரு வடிவமான ‘சவரி’ என்ற சொல்லை அகராதியில் தேடிப் பாருங்கள். கவரிமாவின் வால்மயிர் என்றும் இருக்கும், பெண்கள் சேர்த்து முடியும் பொய்மயிர் என்றும் இருக்கும். ஆப்பிரிக்காவின் நமீபியாவில் ஹிம்பா இனத்துப் பெண்கள் இன்றும் வெள்ளாட்டு ரோமத்தைச் சேர்த்துத் தங்கள் சடைகளை நீட்டிக்கொள்கிறார்கள், காவிக்கல் பொடியையும் வெண்ணெயையும் குழைத்து மேலே பூசுகிறார்கள். விலங்கின் ரோமம் மனிதத் தலையில் ஏறியது பழைய கதை.

குர்லா இழைகளுக்குப் பழகிய ஊரும்கூட. இங்கே நொடித்துக் கிடந்த தரம்சி ஆலையை ஜாம்ஷெட்ஜி டாடா வாங்கி, 1886-ல் சுதேசி மில் என்று பெயர் சூட்டினார். சுதேசி இயக்கம் பிறக்க இன்னும் 19 வருஷம் இருந்த காலம் அது. அந்த ஆலை இப்போது ஓடவில்லை. அது பருத்தி, என் கையில் இருப்பது கம்பளி. இரண்டின் குணமும் வேறு.

பருத்தியை எவ்வளவு நேரம் வெந்நீரில் போட்டு உருட்டினாலும் அது திரளாது. கம்பளி ஏன் திரள்கிறது? கம்பளி இழையை நுண்ணோக்கியில் பார்த்தால், ஓட்டு வீட்டுக் கூரையைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகச் செதில்கள் படிந்திருக்கும். எல்லாச் செதிலும் நுனியைப் பார்த்தே இருக்கும். சின்ன வயதில் சுணையுள்ள புல்கதிரைச் சட்டைக் கைக்குள் விட்டு விளையாடியிருப்பீர்கள். கையை ஆட்ட ஆட்ட அது மேலே மேலே ஏறும், கீழே இறங்கவே இறங்காது. கம்பளி இழையும் அப்படித்தான். வெந்நீரிலும் சோப்பிலும் செதில்கள் விரிகின்றன. தேய்க்கத் தேய்க்க இழைகள் ஒரே பக்கமாக நகர்ந்து ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொள்கின்றன. திரும்பி வர வழி கிடையாது. ஊட்டியில் வாங்கிய ஸ்வெட்டரைத் தெரியாமல் வெந்நீரில் துவைத்து, குழந்தைச் சட்டையாக்கிய அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். அந்த விபத்தைத்தான் நாங்கள் வேண்டுமென்றே செய்கிறோம். காஷ்மீரிலும் ராஜஸ்தானின் டோங்க் நகரத்திலும் தறியே இல்லாமல் ‘நம்தா’ என்ற விரிப்பைச் செய்வதும் இதே முறையில்தான்.

ஆகவே கம்பளி உண்மையான கம்பளியாக இருக்க வேண்டும். கடைகளில் ‘ஊல்’ என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக் நூலைத்தான் எடுத்துப் போடுவார்கள். அது ஆயுசுக்கும் திரளாது. ஒரு இழையைப் பிய்த்து, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். முடி கருகும் வாடை வந்து, விரலில் நசுக்கினால் சாம்பலாக உதிர்ந்தால் கம்பளி. உருகி, கருப்பு மணி போலக் கெட்டியானால் அது பிளாஸ்டிக். உண்மையான கம்பளியிலும், மெஷினில் துவைக்கலாம் என்று முத்திரை போட்டதை வாங்காதீர்கள். அதன் செதில்களை ஆலையிலேயே மழுக்கியிருப்பார்கள், இல்லையென்றால் பூச்சுப் பூசி மூடியிருப்பார்கள்.

நூலாக நூற்காமல், சீவி நீளவாக்கில் ஒழுங்குபடுத்திய மெரினோ கம்பளிதான் இந்த வேலைக்கு ஏற்றது. நம் மகாராஷ்டிரத்தின் ‘தங்கர்’ இன இடையர்கள் மேய்க்கும் தக்காணி ஆட்டின் ரோமத்திலும் செய்து பார்த்தேன். சாங்லி, கோலாப்பூர்ப் பக்கம் அதில்தான் ‘கோங்கடி’ என்ற கருங்கம்பளம் நெய்கிறார்கள். பாவுநூலுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி போடும் அருமையான கைவேலை அது. ஆனால் அந்த ரோமம் முரடு. மெல்லத்தான் திரளும், தலையில் குத்தும். நான் அதை உள்ளே வைத்து, மேலே மெரினோவைச் சுற்றுகிறேன். ஆடு கத்தரித்த ரோமத்தை வாங்க ஆளில்லாமல் எறிந்துவிட்டுப் போகும் நிலை அந்த இடையர்களுக்கு இருக்கிறது. அதனால் பாதியாவது அவர்களுடையதாக இருக்கட்டும் என்று விடாப்பிடியாக வாங்குகிறேன்.

இனி கைவேலை. ஒரு சடைக்கு 5 கிராம் கம்பளி போதும். கத்தரிக்கோலால் வெட்டக் கூடாது, கையால் மெல்ல இழுத்துப் பிரிக்க வேண்டும். அப்போதுதான் நுனி விளக்குத்திரி போலக் கூராக வரும். ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனைகளும் தொங்கும் சடை இது, நடுவில் மடித்துத் தலையில் பின்னுவோம். அதனால் நடுப்பகுதி கொஞ்சம் மெலிந்திருக்க வேண்டும்.

முதலில் ஈரமில்லாமல், உள்ளங்கைகளுக்கு நடுவே திரி உருட்டுவது போல லேசாக உருட்டி உருவம் கொடுங்கள். பிறகு ஒரு கிண்ணத்தில் கை பொறுக்கும் அளவு வெந்நீர், அதில் துணி சோப்பைச் சீவிப் போட்டது. பொடியைவிடக் கட்டி சோப்புதான் நல்லது, அதன் காரத்தில் செதில் நன்றாக விரியும். விரலால் தொட்டுத் தொட்டு நனையுங்கள், மூழ்கடிக்க வேண்டாம். ஆரம்பத்தில் அழுத்தினால் போச்சு! மேல்தோல் சுருங்கிப் பிளவு விழும், அந்தப் பிளவை அப்புறம் எந்தச் சாமியாலும் ஒட்ட முடியாது. குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி முதல் இரண்டு மூன்று நிமிஷம் மென்மையாக உருட்டுங்கள். மேல்பக்கம் பிடித்துக்கொண்டது விரலுக்கே தெரியும், இழை வழுக்காது. அதன் பிறகு சுளகின் முதுகில் போட்டு, அந்த வரிகளில் நன்றாக அழுத்தி உருட்டலாம். சுளகு இல்லாதவர்கள் கோரைப்பாயைப் பயன்படுத்துங்கள். தண்ணீர் ஆறினால் மாற்றுங்கள். பத்து நிமிஷத்தில் கையில் கயிறு போல இறுகிவிடும். பிறகு குளிர்ந்த நீரில் சோப்புப் போக அலசி, கடைசித் தண்ணீரில் ஒரு மூடி வினிகர் விட்டு முக்கி எடுத்து, கொடியில் தொங்கவிட வேண்டியதுதான். நீளம் பத்தில் மூன்று பங்கு வரை குறையலாம். ஆகவே முதல் சடையை அளந்து பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள்.

ஒரு தலைக்கு 50 சடை. அதாவது 250 கிராம். ஒரு நாளில் முடியாது. நான் ஞாயிறுக்குப் பத்து என்று வைத்துக்கொண்டேன். தண்ணீரும் அதிகம் செலவாகாது. குழாயைப் பார்த்து நாள் கழிக்கும் நமக்கு அதுவும் ஒரு கணக்குத்தானே.

தலையில் வைப்பது நமக்குத் தெரிந்த கலை. வகிடெடுத்து, ஒரு அங்குலச் சதுரமாக முடியைப் பிரிக்க வேண்டும். சடையின் நடுவை முடியின் அடியில் வைத்து, கம்பளி முனைகள் இரண்டும் ஒரு கற்றை முடியுமாக, மூணுகால் பின்னல் போட வேண்டும். முடி தீரும் இடத்தில் சின்ன ரப்பர். அடியில் முதல் பின்னலை இறுக்கவே இறுக்காதீர்கள். அன்று இரவு தலையணையில் தலை வைக்கும்போது வலித்தால், பொறுத்துக்கொண்டு தூங்காமல் எழுந்து அவிழ்த்துவிடுங்கள். நெற்றியோரத்து மெல்லிய முடியில் சடை வேண்டவே வேண்டாம். 6 முதல் 8 வாரம் போதும், அதற்குமேல் ஒரு நாளும் வைத்திருக்கக் கூடாது. தலையை நீர்த்த ஷாம்பூவால் தோலில் மட்டும் தேய்த்துப் பச்சைத் தண்ணீரில் அலசலாம். மும்பை மழைக்காலத்தில் இதை நான் யாருக்கும் வைப்பதில்லை. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் குடித்தாலும் தொட்டால் உலர்ந்தது போலவே இருக்கும். ஜூலையில் அது எப்போது காயும்? கழற்றிய சடைகளை வெயிலில் உலர்த்தி, வேப்பிலை போட்டு டப்பாவில் மூடி வைத்தால் பூச்சி அண்டாது, அடுத்த வருஷமும் உதவும்.

கழற்றும்போது கைப்பிடி முடி உதிர்ந்து வரும். பயப்படாதீர்கள். நமக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. பின்னலுக்குள் சிக்கியிருந்த இரண்டு மாதத்து உதிர்முடிதான் அது. தேங்காய் எண்ணெய் தடவி, நுனியிலிருந்து மேலே சிக்கெடுத்தால் போய்விடும்.

அந்த உதிர்ந்த முடியைச் சீவி எடுக்காமலே விட்டுவிட்டால் என்ன ஆகும்? நம் முடியிலும் செதில் உண்டு. வியர்வை, எண்ணெய், தூசி எல்லாம் சேர்ந்து, உதிர்ந்த முடி உதிராத முடியைப் பற்றிக்கொள்ளும். கட்டை போலாகிவிடும். சடை பிடிப்பது இப்படித்தான். இதில் எந்தத் தெய்வமும் வந்து இறங்குவதில்லை. ஆனால் மகாராஷ்டிரத்திலும் வடகர்நாடகத்திலும் ஒரு பெண்ணின் தலையில் சடை விழுந்தால், எல்லம்மா தெய்வம் வந்துவிட்டாள் என்று மஞ்சள் குங்குமம் இட்டு, சீவவும் வெட்டவும் தடை போட்டுவிடுகிறார்கள். சடை விழுந்த சிறுமிகளைச் சௌந்தத்தி ஊர்க் கோயிலின் எல்லம்மாவுக்குப் பொட்டுக்கட்டித் தேவதாசிகளாக்கிய கொடுமையும் நடந்திருக்கிறது. பேன், சீழ், வாடை, கழுத்து வலி எல்லாவற்றோடும் வருஷக்கணக்கில் அந்தப் பெண்கள் வாழ்கிறார்கள்.

இதை எதிர்த்து வேலை செய்தவர்கள் மகாராஷ்டிர மூடநம்பிக்கை ஒழிப்புச் சமிதியினர். அதை 1989-ல் தொடங்கியவர் டாக்டர் நரேந்திர தாபோல்கர். 2013 ஆகஸ்ட் 20 அன்று புணேயில் காலை நடைக்குப் போனவரைச் சுட்டுக் கொன்றார்கள். மூடநம்பிக்கைக்கு எதிராக அவர் பல வருஷம் கேட்டுப் போராடிய சட்டம், அவர் இறந்த பிறகு அந்த ஆண்டிலேயே வந்தது. அந்தச் சமிதியைச் சேர்ந்த புணேயின் நந்தினி ஜாதவ், கத்தரிக்கோலோடு ஊர் ஊராகப் போய், மணிக்கணக்கில் பேசிப் பயத்தைப் போக்கி, நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சடையை எடுத்திருக்கிறார். அவர் ஒரு அழகுக்கலைஞர். என்னைப் போல முடியோடு வேலை செய்கிறவர் என்பதில் எனக்குப் பெருமை.

நம் தமிழ்நாட்டிலும் சடை உண்டு. குலசேகரப்பட்டினம் முத்தாரம்மன் தசராவுக்குக் குர்லாவிலிருந்தும் தாராவியிலிருந்தும் எத்தனை பேர் விரதமிருந்து ரயிலேறுகிறார்கள்! காளி வேடத்துக்குச் சடைமுடி கட்டுகிறார்கள், பத்தாம் நாள் கடற்கரையில் சூரசம்ஹாரம் பார்க்கிறார்கள், மறுநாள் காப்புக் களைந்து, வேடத்தை எடுத்து வைத்துவிட்டு வேலைக்குத் திரும்புகிறார்கள். பக்தி குறைந்தா போயிற்று? கழற்றி வைக்க முடிகிற சடையே மனிதருக்குப் பொருந்தும் என்பது என் தீர்மானமான எண்ணம்.

எங்கள் மாடியிலேயே ஒரு மராத்தி அம்மா இருந்தார். இடுப்பு வரை சடை, பதினோரு வருஷமாக. ஒருநாள் என் அக்கா மகள் கூடத்தில் உட்கார்ந்து சடைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்ததை வாசலில் நின்று பார்த்தார். உள்ளே வந்து ஒன்றைக் கையில் எடுத்து எடைபார்த்தார். தன் சடையைக் காட்டி, “இதை எடுத்தால் ஒன்றும் ஆகாதா?” என்று கேட்டார். ஒன்றும் ஆகாது என்றேன். அதன்பிறகு நாலு மாதம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. பிறகு அவராகவே மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். வெட்டி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வெட்டிய சடையைக் காய்கறிக்காரர் தராசில் வைத்தோம், 600 கிராம். அந்த அம்மா கழுத்தை இடமும் வலமும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நேயர்களே, உங்கள் குடியிருப்பிலோ தெருவிலோ சடை விழுந்த பெண் யாராவது இருப்பார். அவரிடம் சாமியைப் பற்றி வாதாட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, கழுத்து வலிக்கிறதா என்று மட்டும் முதலில் கேளுங்கள்.