கண்ணில் பட்டதை எழுதுங்கள்



பட்டம் வாங்கக் காத்திருப்பவர்களை நெடுநேரம் உட்காரவைப்பது நியாயமில்லை. ஆகவே, நீங்கள் படித்த ஒரே ஒரு பேப்பரைப் பற்றி மட்டும் பேசிவிட்டு அமர்கிறேன். தாவரவியல், விலங்கியல் துறைப் பிள்ளைகள் அது எந்தப் பேப்பர் என்று இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். செல் உயிரியலும் மரபியலும். மற்ற துறையினர் உங்களை மிரட்டிய பேப்பரின் பெயரை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

உயிரியல் என்றால் மனப்பாடம் செய்தால் மார்க் வரும் என்று நம்பி இங்கே சேர்ந்தவர்கள்தான் உங்களில் பலர். முதல் இன்டர்னலிலேயே அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. மியாசிஸின் முதல் புரோஃபேஸுக்கு மட்டும் ஐந்து நிலைகள். லெப்டோடீன், சைகோடீன், பேக்கிடீன், டிப்ளோடீன், டயாகைனசிஸ் என்று ஒப்பித்துவிடலாம். வினாத்தாளோ, ஒரு குரோமோசோம் ஜோடி பிரியத் தவறினால் கருமுட்டையில் எத்தனை மிஞ்சும் என்று கேட்டது. மூன்று ஜீன்களின் கலப்பு முடிவுகளைக் கொடுத்து, எந்த ஜீன் நடுவில் இருக்கிறது, கண்டுபிடி என்றது. கணக்குக்குப் பயந்து உயிரியலுக்கு வந்தவர்களைக் கணக்கு இங்கும் விடவில்லை.

ப்ளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்தவர்களுக்கு, இங்கே வகுப்பு ஆங்கிலத்தில் என்பதால் சுமை இரட்டிப்பு. வகுப்பில் தலையாட்டிவிட்டு, இரவு விடுதி வராந்தாவில் வட்டமாக உட்கார்ந்து, புரிந்தவர் புரியாதவருக்குத் தமிழில் சொல்லிக்கொடுத்துத்தான் பல பேர் கரையேறினீர்கள். அரியர் வைத்து, அடுத்த செமஸ்டரில் மறுபடி எழுதித் தேறியவர்களும் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். உங்களுக்கு என் வாழ்த்து ஒரு படி கூடுதல்.

தியரி போகட்டும், பிராக்டிகலுக்கு வருவோம். டம்ளர் தண்ணீரில் அடி படும்படி வைத்த வெங்காயம் வேர் விட்டதும், காலையிலேயே நுனியை நறுக்கவேண்டும். நீர்த்த அமிலத்தில் இளகவைத்து, அசிட்டோகார்மைன் சாயம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் இலேசாகச் சூடுகாட்டி, கவர் ஸ்லிப்பால் மூடி, ஒற்றுத்தாளை மடித்து வைத்துக் கட்டைவிரலால் அழுத்தவேண்டும். அழுத்தம் கூடினால் கவர் ஸ்லிப் நொறுங்கும். குறைந்தால் செல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். எல்லாம் கைகூடி வந்தாலும், மைக்ரோஸ்கோப்பில் தெரிவது பெரும்பாலும் பிரியாமல் சும்மா கிடக்கும் செல்கள்தான். நல்ல மெட்டாஃபேஸ் ஒன்றைப் பிடிப்பதற்குள் கண் பூத்துவிடும்.

வெங்காயத்துக்கு 16 குரோமோசோம் என்கிறது புத்தகம். உங்கள் ஸ்லைடில் 13 தெரிந்திருக்கும், மிஞ்சினால் 14. ரெக்கார்டு நோட்டில் என்ன வரைந்தீர்கள்? பக்கத்தில் புத்தகத்தைத் திறந்து வைத்து, அச்சுப் பிசகாமல் படம் போட்டு, 16 என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருப்பீர்கள். சிரிக்கிறீர்கள். அப்படியானால் சரியாகத்தான் சொல்கிறேன்.

இது மாணவர்கள் மட்டும் செய்த காரியமா என்றால், இல்லை. மனிதச் செல்லில் எத்தனை குரோமோசோம் என்ற கேள்விக்கு அமெரிக்காவின் தியோஃபிலஸ் பெயின்டர் 1921-இல் 46 அல்லது 48 என்றார். மிகத் தெளிவாக அமைந்த செல்களில் 46தான் கண்டதாகவும் அவரே எழுதினார். ஆனால் 1923-இல் 48 என்று முடிவு கட்டிவிட்டார். அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு உலகமெங்கும் பாடப்புத்தகங்களில் 48தான். ஸ்வீடனில் மனிதக் கருவின் கல்லீரல் செல்களை ஆராய்ந்த ஒரு குழுவுக்குத் திரும்பத் திரும்ப 46தான் கிடைத்தது. மீதி இரண்டைக் காணவில்லையே என்று அவர்கள் வேலையையே நிறுத்திவைத்தார்கள். புத்தகத்தை நம்பினார்கள், கண்ணை நம்பவில்லை.

ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் சியோ 1955-ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்வீடனின் லுண்ட் நகரில் மனிதக் குரோமோசோம்களை எண்ணும் அதே வேலையைச் செய்தார். கோல்ச்சிசின் கொண்டு செல் பிரிவை மெட்டாஃபேஸில் நிறுத்தினார். உப்புச் செறிவு குறைந்த கரைசலில் செல்களை ஊறவைத்து உப்பவைத்தார். குரோமோசோம்கள் ஒன்றையொன்று மறைக்காமல் விரிந்து கிடந்தன. எண்ணினார், 46. ஆல்பர்ட் லெவானுடன் சேர்ந்து 1956-இல் அதை அப்படியே வெளியிட்டார். சரியான எண் கைக்கு வந்த பிறகுதான், டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு ஒரு குரோமோசோம் கூடுதல், மொத்தம் 47 என்று பாரிஸில் ஜெரோம் லெஜூனும் அவருடைய சகாக்களும் 1959-இல் அறிவிக்க முடிந்தது. 48தான் இயல்பு என்று நம்பிக்கொண்டிருந்தால் 47 கூடுதலாகவா தெரிந்திருக்கும்?

நம் பக்கத்திலும் இந்தப் பொறுமைக்குச் சான்று உண்டு. தலச்சேரியில் 1897-இல் பிறந்து, சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் முனைவர் பட்டம் பெற்றவர் ஜானகி அம்மாள். கோவையில் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். இன்றைய கரும்பு ரகங்களில் அவை நூற்றுக்கும் மேல். 16-ஐ எண்ணவே திண்டாடிய உங்களுக்கு அந்த உழைப்பின் கனம் தெரியும். 1945-இல் சி.டி. டார்லிங்டனுடன் சேர்ந்து, சாகுபடித் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து ஒரு பெரும் நூலாகவே வெளியிட்டார்.

உடனே புத்தகங்களையெல்லாம் தூக்கி எறியுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. வெங்காயத்துக்கு 16 என்பது உண்மை. புத்தகமும் உங்கள் ஸ்லைடும் முரண்பட்டால், பத்துக்கு ஒன்பது முறை பிழை ஸ்லைடில்தான் இருக்கும். ஆனால் அந்தப் பிழையைக் கண்டுபிடிக்கவாவது, முதலில் கண்ட எண்ணை எழுதியாகவேண்டும். ‘தெளிவாகத் தெரிந்தவை 13, மற்றவை ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன, அழுத்தம் போதவில்லை’ என்று ஒரு வரி எழுதும் மாணவர், அழகாகப் படம் வரைந்தவரைவிட ஒரு அடி முன்னே நிற்கிறார். பேராசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அந்த ஒரு வரிக்கு மார்க் போடுங்கள்.

இந்தத் துறைகளில் படித்த நீங்கள் எல்லோரும் ஆராய்ச்சிக்குப் போகப்போவதில்லை. சிலர் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்வீர்கள். சிலர் விதைப் பரிசோதனைக்கு, சிலர் பி.எட். முடித்து வகுப்பறைக்கு, சிலர் போட்டித் தேர்வெழுதி அரசு அலுவலகத்துக்கு. எங்கே போனாலும் ஒருவர் வந்து, ‘போன மாசம் போட்ட நம்பரையே போட்டுடுங்க, யாரு பார்க்கப் போறா’ என்பார். முளைக்காத விதைக்கு முளைப்புத்திறன் எழுதச் சொல்வார்கள். ஓடாத டெஸ்டுக்கு ரிப்போர்ட் கேட்பார்கள். அந்த நிமிடத்தில்தான் இந்தப் பேப்பரில் நீங்கள் உண்மையில் தேறினீர்களா என்பது தெரியும். அங்கே அரியர் எழுத வாய்ப்பில்லை. தப்பான ரிப்போர்ட்டை நம்பி மாத்திரை விழுங்குபவர் வேறொருவர், தப்பான விதையை நம்பி உழுபவர் வேறொருவர்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகள் எத்தனை மார்க் வாங்கினார்கள் என்று கேட்பீர்கள், கேளுங்கள். கூடவே, லேபில் என்ன பார்த்தாய் என்றும் ஒரு நாள் கேளுங்கள். அவர்களிடம் சொல்ல நிறைய இருக்கிறது.

செல்வங்களே, கடினமான பேப்பர் ஒன்றைத் தாண்டி வந்திருக்கிறீர்கள். புரியாத ஒன்றின் முன்னால் பொறுமையாக உட்காரவேண்டும், கண்டதைக் கண்டபடி எழுதவேண்டும் என்பதே அது தரும் பாடம். அந்தப் பாடத்தை வேலைக்கும் வீட்டுக்கும் கொண்டுபோங்கள். நல்ல உடல்நலமும் நிறைந்த வாழ்வும் பெற்று, கற்ற துறைக்கும் பெற்றவர்களுக்கும் பெருமை சேர்க்க உளமார வாழ்த்துகிறேன்.