கைக்குப் போகட்டும் அந்தக் காசு



முடிவெட்டி முடிந்தது. பிடரியில் ஒட்டிய துணுக்குகளைத் தட்டிவிட்டு, பின்பக்கம் கண்ணாடியைப் பிடித்துக் காட்டி, சரியா என்று கேட்டாகிவிட்டது. எழுந்து கல்லாவுக்கு வருகிறோம். அங்கே ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்து, 150 ரூபாயை அனுப்பிவிட்டுப் படி இறங்குகிறோம். அந்த அரை நிமிடத்தில் பலருக்கும் ஒரு கேள்வி வந்து போகிறது. வெட்டிவிட்டவருக்குத் தனியாக ஏதாவது கொடுக்க வேண்டுமா? எவ்வளவு? கொடுக்காமல் வந்தால் தப்பா? ஓட்டலில் இதற்கு ஏறக்குறைய ஒரு வழக்கம் இருக்கிறது. சலூனிலும் பியூட்டி பார்லரிலும் அப்படி எதுவும் இன்னும் படியவில்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுக்க வேண்டும்; வேலை செய்தவர் கையிலேயே கொடுக்க வேண்டும்; ஆனால் அந்தக் காசு அவருடைய கூலிக்கு ஈடாகிவிட நாம் இடம் தரக் கூடாது. இந்த மூன்றில் ஒன்றை விட்டாலும் மற்ற இரண்டும் கெட்டுவிடும்.

நாம் கொடுக்கும் கட்டணம் யாருக்குப் போகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். இரண்டு மூன்று நாற்காலி போட்ட தெருமுனைச் சலூனில் கடைக்காரரே ஒரு நாற்காலியில் வேலை செய்வார். மற்ற நாற்காலிகளில் நிற்பவர்களில் பலருக்கு மாதச் சம்பளம் என்று எதுவும் கிடையாது. அன்றன்று தாங்கள் செய்த வேலைக்கு வந்த தொகையில் ஒரு பங்குதான் அவர்களுக்கு. பாதி இருக்கலாம், சற்றுக் கூடவோ குறையவோ இருக்கலாம். ஆள் வராத நாளில் பங்கும் வராது. செவ்வாய்க்கிழமை கடை விடுமுறை. வெள்ளிக்கிழமை, அமாவாசை, கிருத்திகை என்று நாள் பார்த்துத் தலையில் கத்தி வைக்காதவர்கள் நம்மிடையே நிறைய. கார்த்திகை பிறந்து ஐயப்பனுக்கு மாலை போட்டுவிட்டால், வாரம் தவறாமல் ஷேவிங்குக்கு வந்தவர்கள்கூட விரதம் முடியும்வரை வர மாட்டார்கள். ஏசி போட்ட பெரிய கடைகளில் நிலைமை வேறு. அங்கே சம்பளம் உண்டு. கூடவே டார்கெட்டும் உண்டு. மாதத்தில் இவ்வளவு தொகைக்கு வேலை பிடித்தால்தான் அதற்கு மேல் இன்சென்டிவ். முடிவெட்டப் போனவரிடம் ஃபேஷியல் செய்துகொள்ளுங்கள், ஹேர் ஸ்பா செய்துகொள்ளுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் இருக்கிறது. இப்படிச் சொல்பவர்களில் பலர் வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்து, இங்கே அறை எடுத்துத் தங்கி, சம்பாதிப்பதில் ஒரு பகுதியை ஊருக்கு அனுப்புகிறவர்கள்.

அந்த வேலையையும் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்க வேண்டும். புருவம் திருத்தும் பெண் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறுபாதியை இரு கைவிரல்களிலும் சுற்றி, நம் முகத்துக்கு மேல் கழுத்தை வளைத்து நிற்கிறார். நாளெல்லாம் இழுபடும் நூல் விரலில் தடம் போட்டுவிடுகிறது. பெடிக்யூர் செய்பவர் தாழ்வான ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்து, நம் பாதத்தை மடியில் வைத்துக் குதிகால் வெடிப்பைத் தேய்த்து எடுக்கிறார். முடிவெட்டுபவரின் கைகள் மணிக்கணக்கில் தோள் உயரத்திலேயே நிற்கின்றன. நம் உடம்பை அந்நியர் ஒருவரிடம் இவ்வளவு நம்பி ஒப்படைக்கும் இடங்கள் வேறு அதிகம் இல்லை. தொண்டையில் சவரக் கத்தி போகும்போது கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருக்கிறோம். விலைப்பட்டியலில் கட்டிங் என்று ஒரு வரியாக எழுதியிருப்பதற்குள் இந்தப் பொறுமையும் கவனமும் முழுதாக அடங்குவதில்லை. அதை உணர்ந்தேன் என்று சொல்லும் வழிதான் டிப்ஸ்.

முன்பு இது ஓரளவு தானாகவே நடந்தது. நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்து, மீதிச் சில்லறையில் பத்து ரூபாயை வெட்டியவர் பக்கம் தள்ளிவிட்டு வருவது பலருக்கும் பழக்கம். செல்பேசியில் பணம் கட்டத் தொடங்கியபின் சில்லறையும் போனது, அந்தப் பழக்கமும் போனது. சரியான தொகையை அனுப்புகிறோம். அது கடைக்காரரின் கணக்கில் விழுகிறது. கூடுதலாக 20 ரூபாய் சேர்த்து அனுப்பினாலும் அதுவும் அங்கேதான் விழும். வெட்டியவருக்கு அது வந்து சேர்ந்ததா என்று நமக்குத் தெரியாது. வந்தது என்று அவருக்கும் தெரியாமல் போகலாம். இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் அல்ல. பிரிட்டனில் வாடிக்கையாளர் தரும் டிப்ஸை நிர்வாகம் பிடித்துக்கொள்கிறது என்ற புகார் பல ஆண்டுகள் நீடித்து, கடைசியில் சட்டமே போட வேண்டியதாயிற்று. 2023-ல் நிறைவேறி 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டப்படி, டிப்ஸ் முழுவதும் தொழிலாளர்களுக்கே போக வேண்டும். முதலாளி அதில் கை வைக்க முடியாது. முடிதிருத்தும் கடைகளுக்கும் அது பொருந்தும். நம்மிடம் அப்படி ஒரு சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சட்டைப்பையில் பத்து, இருபது ரூபாய் நோட்டுகள் இரண்டு இருந்தால் போதும்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு, பில்லே பெரிதாக இருக்கிறதே, அதற்கு மேலும் எதற்கு என்பது. நியாயமான கேள்வி. ஆனால் பில்லில் இருப்பது இடத்து வாடகை, மின்சாரம், பொருட்கள், நிறுவனத்தின் பெயர், இவற்றோடு வரி. பில் பெரிதாவதால் வேலை செய்தவரின் பங்கும் அதே அளவில் பெரிதாகிவிடுவதில்லை. இன்னொன்றும் உண்டு. சலூன் சேவைக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. கடை தன் விலையை ஏற்றாமல் இருந்தால், 1000 ரூபாய் வேலைக்கு 180 ரூபாய் வரி கட்டியவர் இப்போது 50 ரூபாய்தான் கட்டுகிறார். மிச்சமான 130 ரூபாயில் ஒரு பகுதி அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்றவருக்குப் போவது நம் பணப்பைக்குப் புதுச் சுமை ஆகாது.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. நாம் டிப்ஸ் கொடுக்கக் கொடுக்க, முதலாளி சம்பளத்தைக் குறைத்துக்கொள்ள மாட்டாரா? அமெரிக்காவில் நடந்தது அதுதான். டிப்ஸ் முறையை அங்கே பலர் எதிர்த்தார்கள். 1909-ல் வாஷிங்டன் மாநிலம் அதைத் தடையே செய்தது. வேறு சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 1926-க்குள் எல்லாத் தடைகளும் நீங்கிவிட்டன. இன்று டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி தன் கையிலிருந்து தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி, அந்நாட்டுக் கூட்டாட்சிச் சட்டப்படி, மணிக்கு 2.13 டாலர். 1991-லிருந்து அது ஒரு சென்ட்கூட ஏறவில்லை. மிச்சத்தை வாடிக்கையாளர் பார்த்துக்கொள்வார் என்பதே ஏற்பாடு. அந்த நிலைக்கு நாம் போகக் கூடாது.

அங்கே வரை போவானேன், நம் கோயில்களிலேயே பாடம் இருக்கிறது. முடிகாணிக்கை மண்டபத்தில் மொட்டை போடுபவர்கள் நெடுங்காலம் சீட்டுக் கட்டணத்தில் ஒரு பங்கை நம்பியே பிழைத்தார்கள். 2021-ல் தமிழக அரசு அந்தக் கட்டணத்தை நீக்கி, அவர்களுக்கு மாதம் 5000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. பக்தர்களுக்கு அது நல்ல காரியம். ஆனால் மாதம் 5000 ரூபாயில் ஒரு குடும்பம் நடக்காது. கட்டணம் இல்லை என்று பலகை வைத்த பிறகும் காசு கேட்கிறார்கள் என்ற புகார் எழுந்ததில் வியப்பில்லை. கூலி போதாத இடத்தில் அன்பளிப்பு கட்டாய வசூலாக மாறும். கேட்பவருக்கும் அவமானம், கொடுப்பவருக்கும் எரிச்சல். இதற்காக டிப்ஸை நிறுத்தினால் நாளைக்கே தொழிலாளியின் வருமானம் குறையும், முதலாளியிடம் மாற்றம் எதுவும் வராது. ஆகவே டிப்ஸையும் கொடுக்க வேண்டும். கட்டணம் நியாயமாக ஏறும்போது முகம் சுளிக்காமல் அதையும் கொடுக்க வேண்டும். தெருமுனைச் சலூனில் 20 ரூபாய் ஏற்றினால் சண்டைக்கு நிற்பவர், வருஷம் முழுவதும் டிப்ஸ் கொடுத்தாலும் கணக்கு நேராகாது.

காசு கொடுத்தால்தான் நன்றாகச் செய்வார்கள் என்று ஆதரித்துப் பேசுபவர்களும் உண்டு. இந்த ஆதரவை நான் ஏற்கவில்லை. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லின் உணவகங்களில் நடத்திய ஆய்வுகள், சேவையின் தரத்துக்கும் டிப்ஸின் அளவுக்கும் உள்ள தொடர்பு மிகவும் மெல்லியது என்றே காட்டின. டிப்ஸ் வழக்கமே இல்லாத ஜப்பானில் முடிதிருத்துபவர்களின் நேர்த்தி உலகறிந்தது. நல்ல வேலை பயிற்சியிலிருந்தும் தொழில் மேல் உள்ள பெருமிதத்திலிருந்தும் வருகிறது. டிப்ஸை லஞ்சம்போல முன்கூட்டிக் காட்டுவது அந்தப் பெருமிதத்தைத்தான் புண்படுத்தும்.

மூன்றாவது மறுப்பு நம் மண்ணிலிருந்தே எழுவது. ஆகவே மற்றவற்றைவிட அதிகக் கவனம் வேண்டியது. நம் கிராமங்களில் சவரத் தொழில் ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்டிருந்தது. வருஷம் முழுவதும் வீடு வீடாகப் போய் வேலை செய்துவிட்டு, அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் நின்று நெல் வாங்க வேண்டும். கல்யாணத்துக்கும் சாவுக்கும் செய்த சடங்கு வேலைகளுக்கு அரிசியும் வேட்டியும் சில்லறையும் கிடைக்கும். எவ்வளவு என்பதைக் கொடுப்பவரே முடிவு செய்தார். வயதில் மூத்தவரையும் ஒருமையில் அழைத்தார். இனாம் என்றாலே இந்த நினைவுகள் கிளர்கின்றன, அதை மறுபடி வளர்க்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பயம் நியாயமானது. நகரத்துச் சலூன் அந்த உறவை மாற்றியது எப்படி என்று பார்த்தால் விடை கிடைக்கும். தொழிலாளி தன் இடத்தில் நின்றார். வாடிக்கையாளர் தேடி வந்து, தன் முறைக்காகப் பெஞ்சில் காத்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, சுவரில் ஒரு விலைப்பட்டியல் தொங்கியது. கொடுப்பவரின் மனசை நம்பி நின்ற காலத்தை முடித்துவைத்தது அந்தப் பட்டியல்தான். எனவே பட்டியல் விலையில் பேரம் பேசிவிட்டுத் தாராளமாக டிப்ஸ் கொடுப்பது பழைய களத்துமேட்டுக்கே திரும்புவதாகும். விலையை முழுதாகக் கொடுத்து, அதற்கு மேல், அண்ணா, ரொம்ப நல்லா வந்திருக்கு, இதை வச்சுக்குங்க என்று கையில் தருவது வேறு. முன்னதில் கொடுப்பவர் எஜமான். பின்னதில் இருவரும் சமம்.

நடைமுறைக்கு வருவோம். தெருமுனைச் சலூனில் பத்து, இருபது ரூபாய் போதும். பெரிய கடையிலும் பார்லரிலும் பில்லில் பத்தில் ஒரு பங்கு நல்ல அளவு. ஆயிரம் ரூபாய்க்கு நூறு. தலை அலசிவிட்டவரும் தரை கூட்டுபவரும் வேறு ஆளாக இருந்தால் அவர்களை மறக்கக் கூடாது. கடையிலேயே குறைந்த வருமானம் பெரும்பாலும் அவர்களுடையது. கடைக்காரரே வெட்டினால் டிப்ஸ் தேவையில்லை. விலையைக் குறைக்கச் சொல்லாமல் கொடுப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை. கல்யாணத்துக்கு மேக்கப் போட வருபவர் தன் கட்டணத்தைத் தானே வைக்கிறார். கூடவே விடியற்காலையில் வந்து புடவை மடிப்பெடுத்த உதவிப் பெண்ணுக்குக் கொடுங்கள். மாணவர்கள், ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள், கை இறுக்கமாக உள்ளவர்கள் யாரும் கொடுக்க முடியவில்லையே என்று கூச வேண்டாம். கட்டாயம் வந்துவிட்டால் அது டிப்ஸ் அல்ல. ஓட்டல்கள் சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்ற விதிகளை 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் உறுதி செய்ததன் அடிப்படையும் இதுதான்.

கடைசியாகக் கடை நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொழிலாளிக்கு வரும் டிப்ஸ் அவருக்கே என்பதை ஒரு சிறு பலகையில் எழுதி வையுங்கள். செல்பேசியில் அனுப்ப விரும்புபவர்களுக்காக அவருடைய சொந்த க்யூஆர் அட்டையைக் கண்ணாடி ஓரத்தில் வைக்க அனுமதியுங்கள். தமிழ்நாடு முடிதிருத்துவோர் நல வாரியத்தில் உங்களிடம் வேலை செய்பவர் பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் அரை நாள் விடுப்பு கொடுத்து அனுப்புங்கள். பிள்ளைகள் படிப்புக்கான உதவியும் முதுமையில் ஓய்வூதியமும் நம் டிப்ஸைவிட அவருக்கு அதிகம் பயன்படும். நேயர்களே, அடுத்த முறை சலூனுக்குப் போகும்போது பையில் இரண்டு சிறு நோட்டுகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்தவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவர் கையில் கொடுங்கள்.