கோட்டுப்படமும் கைம்முதலும்

(திருவண்ணாமலையில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

பங்கு வணிகம் இந்நாளிற் கைப்பேசி வழியாக நம்மவர் இல்லந்தோறும் புகுந்துவிட்டது. மக்களின் கல்விக்கும் மணத்திற்கும் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளை, ஏறியிறங்கும் ஒரு கோட்டைக் கண்டு மகிழ்ந்து இடுவாரும், அதனையே கண்டு அஞ்சி எடுப்பாரும் பலராயினர். ஆதலின், அக்கோடு உணர்த்துவது யாது, உணர்த்தாதது யாது என்பதை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

நம் அண்ணாமலையை வலம்வருவார்க்கு அது திசைதோறும் வேறுவேறு வடிவாய்த் தோன்றும், மலையோ ஒன்றே. விலைக்கோடும் அத்தன்மைத்து. படத்தின் அடியெல்லை சுழியத்தில் தொடங்கின் மேடு பள்ளம் சிறிதாய்த் தோன்றும். அவ்வெல்லையை உயர்த்தி வரையின் அதே மேடு பள்ளம் செங்குத்தாய்த் தோன்றும். ஒரு நாட்கோடு அச்சத்தை வளர்க்கும். இருபதாண்டுக் கோடு இடையே நேர்ந்த துன்பத்தை மறைக்கும்.

இதற்கொரு சான்று காட்டுதும். மும்பைப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் என்னும் குறியெண், 1992 ஏப்ரல் 28-இல் 570 புள்ளிகள் வீழ்ந்தது. 2024 ஜூன் 4-இல் ஏறத்தாழ 4,390 புள்ளிகள் வீழ்ந்தது. இரண்டனையும் ஒரே படத்திற் சமவளவிட்டு வரையின், பின்னது பெரும்பள்ளமாகவும் முன்னது கண்ணுக்குப் புலனாகாத கீறலாகவும் நிற்கும். ஆனால், 1992-இல் அக்குறியெண் நாலாயிரத்துச் சில்லறையே; 2024-இல் எழுபத்தாறாயிரத்துக்கு மேல். நூற்றுக்கு இத்துணை எனக் கணக்கிடின், முன்னை வீழ்ச்சி 13-ஐ ஒட்டியது. பின்னையது 6-க்கும் குறைவு. கண் சிறிதென்றதே முதலைப் பெரிதும் கரைத்தது என்பது இதனால் விளங்கும்.

கோட்டில் அறவே தோன்றாத இடரும் உண்டு. செபி என்னும் கண்காணிப்பு வாரியம் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, எஃப் அண்டு ஓ எனப்படும் முன்பேர வணிகத்திற் புகுந்த தனியாருள், 2021–22 முதல் மூன்று நிதியாண்டுகளில் நூற்றுக்கு 93 பேர் பொருளிழந்தனர். இழந்தார்க்குச் சராசரி இழப்பு ஏறத்தாழ 2 இலட்சம் ரூபாய். இவர்கட்கும் கோட்டுப்படம் எட்டாத பொருளன்று. அதில் விலை சென்ற வழி உண்டு. பொருளிட்டவன் கடன்பட்டு இட்டானா, அடுத்த தை மாதம் மகள் திருமணத்திற்கு அப்பொருள் வேண்டுமா என்பது அதில் இல்லை.

ஆகலின் அன்பர்காள், எவரேனும் ஒரு கோட்டைக் காட்டி அழைப்பின், அடியெல்லை எங்கே, காலம் எத்துணை, வீழ்ச்சி நூற்றுக்கு எவ்வளவு என வினவுங்கள். பின்னர், இப்பொருள் நமக்கு எப்பொழுது வேண்டும் என்று வீட்டாரோடு அமர்ந்து எண்ணுங்கள். அண்மையில் வேண்டும் பொருளைச் சந்தையில் இடாதொழிதலே நலம். கணவர் மட்டும் அறிந்து மனைவியர் அறியாத முதலீடு எவ்வில்லத்தும் வேண்டா என்பதையும் வற்புறுத்தி, இவ்வளவில் அமைகின்றோம்.