இரவு எட்டு மணி யாருக்குச் சொந்தம்?

(தொழிலாளர் படிப்பகத்தின் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

இன்றைய பேச்சின் தலைப்பைக் கேட்டதும் முன்வரிசையில் சில தோழர்கள் சிரித்தார்கள். "பிரிட்டிஷ் டெலிவிஷனில் எந்த நாடகத்தை எத்தனை மணிக்குப் போட்டால் நமக்கென்ன? அதனால் அரிசி விலை இறங்குமா?" என்று ஒருவர் கேட்டே விட்டார். இறங்காது. ஆனால் ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் உழைப்பாளிக்கு ஒரு நாளில் மிஞ்சுவது இரண்டு மணி, மூன்று மணி நேரம். அந்த நேரத்தின் மீது எத்தனை பேர் கண் வைத்திருக்கிறார்கள், எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்பது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். பிரிட்டனில் இந்தக் கணக்கு ஒரு பொதுத் தேர்தலிலேயே புகுந்துவிட்டது. அங்கிருந்தே தொடங்குவோம்.

1964 அக்டோபர் 15. 13 வருஷமாக ஆட்சியில் இருந்த கன்சர்வேடிவ் கட்சியை எதிர்த்து, ஹெரால்டு வில்சன் தலைமையில் தொழிற்கட்சி நின்றது. ஓட்டுச் சாவடிகளை மூடும் நேரம் இரவு 9 மணி. அதே இரவு 8 மணிக்கு பி.பி.சி. டெலிவிஷன் ஒரு நிகழ்ச்சியைப் போடுவதாக அறிவித்திருந்தது. பெயர் 'ஸ்டெப்டோ அண்டு சன்'.

அது என்ன நிகழ்ச்சி? லண்டனில் குதிரை வண்டியில் தெருத் தெருவாகப் போய்க் கந்தல், பழைய இரும்பு, ஓட்டை உடைசல் வாங்கி விற்கும் ஒரு கிழவனும் அவன் மகனும்தான் கதை. மகனுக்கு அந்தக் குப்பைக் கிடங்கை விட்டு வெளியேறி மனிதனாக வாழ ஆசை. தகப்பன் விடுவதில்லை. சிரிப்பு நாடகம்தான், ஆனால் சிரிப்புக்கு அடியில் வறுமை உட்கார்ந்திருக்கும். ரே கால்டன், ஆலன் சிம்ப்சன் என்ற இருவர் எழுதினார்கள். 1962-ல் தொடங்கி இரண்டே வருஷத்தில் இரண்டு கோடிப் பேர் வரை பார்க்கும் நிகழ்ச்சியாகிவிட்டது. பார்த்தவர்களில் பெரும் பகுதி யார்? ஆலைத் தொழிலாளி, துறைமுகத் தொழிலாளி, பஸ் கண்டக்டர், அவர்கள் குடும்பத்தார்.

இங்கேதான் சிக்கல்! வசதியுள்ளவர்கள் பகலிலேயே காரில் போய் ஓட்டுப் போட்டுவிடலாம். தொழிலாளி என்ன செய்வான்? வேலை முடிந்து, வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, சாப்பிட்டுவிட்டுத்தான் ஓட்டுச் சாவடிக்குக் கிளம்புவான். கிளம்புகிற நேரத்தில் அவனுக்குப் பிடித்த நாடகம் ஆரம்பமானால்? "இது முடியட்டும், போகலாம்" என்பான். முடியும்போது சாவடிக் கதவு மூடப்போகும்.

வில்சன் இதைப் புரிந்துகொண்டவர். பி.பி.சி.யின் தலைமை அதிகாரி ஹியூ கிரீனை நேரில் பார்த்து, இந்த நிகழ்ச்சியைத் தள்ளிப்போடுங்கள் என்றார். பதிலுக்கு எதைப் போடட்டும் என்று கிரீன் கேட்டதற்கு, கிரேக்க நாடகம் போடுங்கள், அதையும் மூல பாஷையிலேயே போட்டால் இன்னும் உசிதம் என்று வில்சன் சொன்னதாக ஒரு கதை உண்டு. கடைசியில் 'ஸ்டெப்டோ' 9 மணிக்கு நகர்ந்தது. தொழிற்கட்சி வென்றது. எத்தனை இடம் மெஜாரிட்டி தெரியுமா? நாலே நாலு!

அந்த ஒரு மணி நேரம்தான் ஆட்சியை மாற்றியது என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது ஓட்டுப் போட்ட ஜனங்களை மதிக்காத பேச்சு. ஆனால் ஒரு கட்சியின் தலைவர், தேர்தல் வேலைக்கு நடுவே, நிகழ்ச்சி நேரத்தை மாற்றச் சொல்லிப் போய் நின்றார் என்றால் அந்த நேரத்தின் கனம் என்ன என்பதை நீங்களே எடை போட்டுக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் பின்னால் போவோம். பி.பி.சி. டெலிவிஷன் 1936-ல் தொடங்கியது. யுத்தத்தில் நின்று 1946-ல் மறுபடி ஆரம்பமாயிற்று. அது மக்கள் கட்டும் லைசென்ஸ் பணத்தில் நடப்பது, விளம்பரம் கிடையாது. அந்நாளில் மாலை 6 மணி முதல் 7 மணி வரை ஒளிபரப்பே இல்லை. குழந்தைகளைத் தூங்க வைக்க வேண்டுமாம்! விளம்பரக் கம்பெனிகள் நடத்தும் ஐ.டி.வி. 1955 செப்டம்பர் 22-ல் வந்தது. அந்த வெற்று ஒரு மணி நேரம் அவர்களுக்கு வயிற்றெரிச்சல். விளம்பரம் போட்டுக் காசு பார்க்க வேண்டிய நேரம் வீணாகிறதே! சர்க்காரிடம் மன்றாடினார்கள். 1957 பிப்ரவரியில் தடை நீங்கியது. குழந்தைகள் அதற்குப் பிறகு எப்படித் தூங்கினார்கள் என்பதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஐ.டி.வி. பிறந்த அதே இரவில் பி.பி.சி. என்ன செய்தது என்பது வேடிக்கையான கதை. விவசாயத் தோழர்கள் கவனிக்க வேண்டும். பி.பி.சி. ரேடியோவில் 'தி ஆர்ச்சர்ஸ்' என்று ஒரு தொடர் நாடகம். ஒரு பண்ணைக் குடும்பத்தின் கதை. 1951 முதல் நாடு முழுவதும் ஒலிபரப்பானது. விளைச்சலைப் பெருக்கும் யோசனைகளைக் கதைக்குள் புகுத்திச் சொல்வது அதன் நோக்கங்களில் ஒன்று. ஐ.டி.வி. தொடங்கிய அன்று மாலை, அந்தக் கதையின் இளம் மருமகள் கிரேஸ், எரியும் லாயத்தில் குதிரையைக் காப்பாற்றப் போய் உயிரை விட்டாள்! கேட்டவர்கள் கதறினார்கள், மறுநாள் பத்திரிகைகளில் புது டெலிவிஷனைவிட அவள் சாவே பெரிதாக வந்தது. போட்டிக் கடை திறக்கிற நாளில் பழைய கடைக்காரன் வாசலில் நாதஸ்வரம் வைப்பதில்லையா, அந்த மாதிரி.

ஆனாலும் தொழிலாளி வீடுகள் ஐ.டி.வி. பக்கம்தான் சாய்ந்தன. பி.பி.சி. அந்நாளில் வாத்தியார் மாதிரிப் பேசும். ஐ.டி.வி. அப்படியல்ல. 1957-ல் இரண்டையும் பார்க்க வசதியுள்ள வீடுகளில் பெரும்பான்மை ஐ.டி.வி.யைத்தான் பார்த்தன. ஸ்காட்லாந்து டெலிவிஷனை நடத்திய ராய் தாம்சன் என்ற முதலாளி, இந்த உரிமை பணம் அச்சடிக்கக் கிடைத்த லைசென்ஸ் என்று வாய் விட்டே சொன்னார். முதலாளிகள் உண்மை பேசுவது அபூர்வம். பேசினால் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

1960 டிசம்பர் 9-ல் 'காரனேஷன் ஸ்ட்ரீட்' வந்தது. வட இங்கிலாந்தில், மான்செஸ்டர் பக்கம், ஒட்டு ஒட்டாக வீடுகள் கொண்ட ஒரு தொழிலாளர் தெரு. எழுதியவர் டோனி வாரன் என்ற இளைஞர். பதின்மூன்று வாரத்துக்கு மேல் ஓடாது என்றார்கள். ஒரு பத்திரிகை விமர்சகர் இது தேறாது என்று முதல் நாளே எழுதிவிட்டார். ஆனால் தங்கள் பேச்சையும் தங்கள் கோபத்தையும் திரையில் கண்ட ஜனங்கள் விடவில்லை. 1961 முதல் திங்களும் புதனும் இரவு 7.30 மணி என்று நிலைத்தது. ஏன் 7.30? வேலையிலிருந்து வந்தவன் சாப்பிட்டு முடித்திருப்பான். விடியற்காலை ஷிப்டுக்குப் போகிறவன் இன்னும் படுத்திருக்க மாட்டான். ஆலைச் சங்கை வைத்துத்தான் நாடகத்தின் மணியும் குறிக்கப்பட்டது, தோழர்களே!

அந்த நாடகம் நன்றாக ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1961 நவம்பரில், நடிகர் சங்கம் கூலி உயர்வு கேட்டு ஐ.டி.வி. கம்பெனிகளுக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தது. 1962 ஏப்ரல் வரை நீடித்தது. நீண்ட ஒப்பந்தம் உள்ள ஒரு டஜன் பேரை வைத்துக்கொண்டு நாடகத்தை ஓட்டினார்கள். ஐந்து மாதம் அந்தத் தெருவில் புது முகம் எதுவும் நடமாட முடியவில்லை!

இந்த நேரக் கணக்கில் பல தந்திரங்கள் உண்டு. ஒன்றை மட்டும் சொல்கிறோம். ஆட்களை இழுக்கும் இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே நோஞ்சான் நிகழ்ச்சி ஒன்றைப் போடுவார்கள். எழுந்து போகச் சோம்பல்பட்டு ஜனங்கள் அதையும் பார்த்துவிடுவார்கள். இரண்டு மரத்துக்கு நடுவே தூளி கட்டுவது என்றே அந்தத் தொழிலில் இதற்குப் பெயர். நல்ல நிகழ்ச்சியையும் கெட்ட மணியில் போட்டுக் கொல்லலாம். 1985-ல் பி.பி.சி. லண்டன் தொழிலாளர் பேட்டையை வைத்து 'ஈஸ்ட் எண்டர்ஸ்' தொடங்கியது. முதலில் 7 மணிக்குப் போட்டார்கள். எதிரில் ஐ.டி.வி.யின் 'எம்மர்டேல் பார்ம்', யார்க்க்ஷயர் உழவர் குடும்பக் கதை. மோதிப் பார்த்துவிட்டு, செப்டம்பரில் 7.30-க்கு நகர்ந்தார்கள். கூட்டம் ஏறியது. 1986 கிறிஸ்துமஸ் நாளில் புருஷன் பெண்டாட்டிக்கு விவாகரத்து நோட்டீஸ் கொடுக்கும் காட்சியை மூன்று கோடிப் பேர் பார்த்தார்கள் என்பது கணக்கு. மறு ஒளிபரப்பில் பார்த்தவர்களையும் சேர்த்துச் சொன்ன தொகை அது. ஆகவே அப்படியே விழுங்கிவிட வேண்டாம்.

எப்படி எண்ணுகிறார்கள் என்று கேட்பீர்கள். எல்லா வீட்டிலும் எண்ணுவதில்லை. 1981 முதல் இதற்கென்றே ஒரு பொது ஸ்தாபனம் இருக்கிறது. சில ஆயிரம் வீடுகளைப் பொறுக்கியெடுத்து, அங்கே கருவி வைத்து, அதிலிருந்து முழு நாட்டையும் கணிக்கிறார்கள். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.

இன்னொரு சாட்சி உண்டு. அது பொய் சொல்லாது. மின்சாரம்! பிரிட்டிஷ்காரர்கள் நிகழ்ச்சி முடிந்ததும் எழுந்து போய் மின்சாரக் கெட்டிலில் தேநீருக்கு வெந்நீர் போடுவார்கள். பத்து லட்சம் வீடுகளில் ஒரே நிமிஷத்தில் கெட்டில் போட்டால் என்ன ஆகும்? 1990 ஜூலை 4. உலகக் கோப்பைக் கால்பந்து அரையிறுதியில் இங்கிலாந்து மேற்கு ஜெர்மனியிடம் தோற்றது. ஆட்டம் முடிந்த கையோடு மின்சாரத் தேவை 2,800 மெகாவாட் எகிறியது. ஒரு கெட்டில் இரண்டரை கிலோவாட் என்று போட்டால் 11 லட்சம் கெட்டில்! துக்கத்திலும் தேநீர் வேண்டியிருக்கிறது.

இதைச் சமாளிப்பவர்கள் மின்நிலையத் தொழிலாளர்கள். கட்டுப்பாட்டு அறையில் அன்றைய நிகழ்ச்சி அட்டவணையை முன்னால் வைத்துக்கொண்டு, நாடகம் முடியும் நொடிக்காகக் காத்திருப்பார்கள். வேல்ஸ் நாட்டில் டினோர்விக் என்ற இடத்தில், 1969-ல் மூடப்பட்ட சிலேட்டுக் கல் குவாரியின் மலைக்குள்ளே ஒரு மின்நிலையம் அமைத்து 1984-ல் திறந்தார்கள். இரவில் மிஞ்சும் மின்சாரத்தால் தண்ணீரை மேல் ஏரிக்கு ஏற்றிவைப்பார்கள். தேவைப்படும்போது மதகைத் திறந்தால், தயார் நிலையில் சுழன்றுகொண்டிருக்கும் யந்திரங்கள் 16 வினாடியில் முழு வேகம் பிடிக்கும். நாடகம் பார்த்தவன் தேநீர் குடிக்கிறான்; அந்தத் தேநீருக்காக ஒருவன் மலைக்குள் விழித்திருக்கிறான்.

மின்சாரம் என்றதும் 1973 ஞாபகம் வருகிறது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் ஓவர்டைம் பார்க்க மறுத்தார்கள். கரி குறைந்தது. ஹீத் சர்க்கார் டிசம்பர் 17 முதல் டெலிவிஷனை இரவு 10.30-க்கே மூடச் சொல்லி உத்தரவிட்டது. 1974 பிப்ரவரியில் தேர்தல் வந்தபோதுதான் கட்டுப்பாடு நீங்கியது. அந்தத் தேர்தலில் ஹீத்தே ஆட்சியை இழந்தார். 1979-லோ டெலிவிஷன் தொழிலாளர்களே நிறுத்தினார்கள். ஆகஸ்ட் 10 முதல் அக்டோபர் 24 வரை, கால்வாய்த் தீவுகளின் சிறு கம்பெனி ஒன்றைத் தவிர, ஐ.டி.வி. முழுவதும் இருண்டது. எதிராளி இல்லாத பி.பி.சி.யில் 'டாக்டர் ஹூ' என்ற விசித்திரக் கதைக்கு ஒரு கோடியே அறுபது லட்சம் பேர் வந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் அதற்கு அந்தக் கூட்டம் இல்லை.

கூட்டம் சேர்ப்பது சோப்பு விற்க மட்டும்தானா? இல்லை. 1966 நவம்பர் 16 இரவு, செய்தி முடிந்த கையோடு, பி.பி.சி. 'கேத்தி கம் ஹோம்' என்ற நாடகத்தைப் போட்டது. டைரக்டர் கென் லோச். குடியிருக்க வீடு கிடைக்காமல் அலைந்து, கடைசியில் குழந்தைகளையும் அதிகாரிகளிடம் பறிகொடுக்கும் ஒரு தாயின் கதை. செய்தியைப் பார்த்தவர்கள் அப்படியே உட்கார்ந்து இதையும் பார்த்தார்கள். ஒரு கோடியே இருபது லட்சம் பேர்! வீடில்லாதவர் பிரச்னை பார்லிமெண்டு வரை பேசப்பட்டது.

இந்தக் காலத்திலும் அது நடந்திருக்கிறது. 2024 ஜனவரி 1 முதல் நாலு இரவு தொடர்ந்து ஐ.டி.வி. ஒரு நாடகம் போட்டது. தபாலாபீஸ் கிளைகளை நடத்திய நூற்றுக்கணக்கான சாமான்யர்கள், கம்ப்யூட்டர் செய்த கணக்குப் பிழைக்காகத் திருடர்கள் என்று தண்டிக்கப்பட்ட உண்மைக் கதை. சிறை சென்றவர்கள் உண்டு. வீடு இழந்தவர்கள் உண்டு. பத்திரிகைகள் வருஷக்கணக்கில் எழுதியும் அசையாத சர்க்கார், விடுமுறை முடியும் வாரத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் இதைப் பார்த்ததும் அசைந்தது. அந்தத் தண்டனைகளை ரத்துச் செய்யும் சட்டம் அதே வருஷம் மே மாதம் நிறைவேறியது.

இன்று அங்கேயும் ஜனங்கள் அவரவர் கைக் கருவியில் அவரவர் நேரத்தில் பார்க்கிறார்கள். இரண்டு கோடி பார்த்த 'காரனேஷன் ஸ்ட்ரீட்'டை இப்போது பார்ப்பது அரைக் கோடிக்கும் கீழே. 2026 ஜனவரி முதல் வாரத்தில் ஐந்து நாளும் 8 மணிக்கு 'எம்மர்டேல்', 8.30-க்கு 'காரனேஷன் ஸ்ட்ரீட்' என்று ஐ.டி.வி. திட்டம் வகுத்தது. இரண்டுக்கும் சேர்த்து வாரம் ஆறு மணி நேரமாக இருந்தது ஐந்தாகிறது. ஒரு மணி நேர நாடகம் குறைந்தால் நடிகர், தச்சர், விளக்குப் போடுகிறவர், தையல்காரர் எத்தனை பேருக்கு வேலை குறையும் என்பது அங்குள்ள சங்கங்களின் இன்றைய கவலை.

கேள்வி கேட்க விரும்பும் தோழர்கள் எழுந்து கேட்கலாம். இரவு ஷிப்டுக்குப் போகிறவர்கள் முதலில் கேளுங்கள்.