டாக்டர் யாருடைய ஆள்?



அமெரிக்காவில் முதியோர் தங்கும் இடங்கள் பல வகை. இரவு பகலாக நர்சுகள் இருந்து கவனிக்கும் நர்ஸிங் ஹோம் ஒன்று. குளிக்க, உடுத்த, வேளைக்கு மாத்திரை சாப்பிடக் கைத்துணை தேவைப்படுவோர் மாதக் கட்டணம் கொடுத்து வசிக்கும் விடுதி மற்றொன்று. இதற்கு ‘அஸிஸ்டட் லிவிங்’ என்று பெயர். 2020-ம் ஆண்டுக் கணக்கில் இத்தகைய விடுதிகளில் 8 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். பெரும்பாலான விடுதிகள் லாபத்துக்காக நடப்பவை.

அங்கே வசிக்கும் ஓர் அம்மாளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரை யார் தேர்ந்தெடுப்பது? அந்த அம்மாளா, விடுதி நிர்வாகமா?

1965-ல் ஜனாதிபதி ஜான்ஸன் கையெழுத்திட்ட மெடிகேர் சட்டத்திலேயே, பயன் பெறுகிறவர் தாம் விரும்பும் டாக்டரிடம் போகலாம் என்ற ஷரத்து உண்டு. 1987-ல் நர்ஸிங் ஹோம் சீர்திருத்தச் சட்டம் வந்தது. சர்க்கார் இன்ஷூரன்ஸ் பணம் வாங்கும் நர்ஸிங் ஹோம்களில் வசிப்போர் தங்கள் டாக்டரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமையை அது எழுதி வைத்தது. நல்ல சட்டம்தான். ஆனால் நான் சொன்ன விடுதியின் வாசலோடு அது நின்றுவிடுகிறது! விடுதிகளுக்கு விதி வகுப்பது அந்தந்த மாநிலம். ஒரு மாநிலத்தில் உள்ள உரிமை அடுத்த மாநிலத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். விடுதி வாடகைக்கு மெடிகேர் சல்லிக்காசு தருவதில்லை. அதை அந்த அம்மாள்தான் கொடுக்கிறார். டாக்டர் பீஸோ பெரும்பாலும் மெடிகேரிலிருந்து போகிறது. விடுதி முதலாளி தம் பையிலிருந்து எதையும் கொடுக்கவில்லை. பின், தேர்ந்தெடுக்கும் அதிகாரம் அவருக்கு எங்கிருந்து வந்தது?

“கட்டாயம் ஏதுமில்லையே” என்பார்கள். உண்மைதான், யாரும் கையைப் பிடித்து இழுப்பதில்லை. சேரும் நாளில் நீட்டுகிற காகிதக் கட்டுக்குள், விடுதிக்கு வந்துபோகும் டாக்டருக்குச் சம்மதம் தரும் படிவமும் கிடந்தால் போதும். அம்மா களைத்திருப்பார், மகளுக்கு வேலைக்குத் திரும்பும் அவசரம், கையெழுத்து விழுந்துவிடும். பிறகு பழைய டாக்டரிடம் போக விரும்பினால் வண்டிக்குத் தனிக் கட்டணம். கூட்டிப் போக ஆளில்லை. குறைந்த கூலிக்குக் குறைந்த ஆட்களை வைத்து நடத்தும் இடத்தில் ஆள் எப்படி இருக்கும்?

வந்து பார்க்கும் டாக்டரே கூடாது என்று நான் சொல்லவில்லை. நினைவு தப்பியவருக்கும் நடக்க முடியாதவருக்கும் டாக்டர் கட்டிலருகே வருவது பெரிய உபகாரம். ஆனால் விரும்பி ஏற்பது வேறு, வேறு வழியின்றி ஏற்பது வேறு.

ஏனென்றால் அங்கே டாக்டரின் எழுத்து மருந்துச் சீட்டோடு முடிவதில்லை. கலிபோர்னியாவில் டாக்டரின் அறிக்கை இல்லாமல் விடுதியில் சேரவே முடியாது. சேர்ந்த பின், “இவருக்குக் கவனிப்பு அதிகம் தேவை” என்றானால் மாதக் கட்டணம் ஏறும். “இங்கே வைத்துப் பார்க்க முடியாது” என்றானால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அப்போது அந்த அம்மாளுக்காகப் பேசவேண்டிய டாக்டர், அந்த விடுதியிலிருந்தே தம் நோயாளிகளில் பாதிப்பேரைப் பெறுகிறவராக இருந்தால்? நாணயமான டாக்டர்கள் அநேகர் இருக்கிறார்கள். அவர்களை ஏன் இந்தச் சோதனையில் நிறுத்த வேண்டும்? இருபது வருஷம் பார்த்த டாக்டருக்கோ, தலைசுற்றல் வயதினாலா, போன வாரம் மாற்றிய மாத்திரையினாலா என்று சந்தேகிக்கவாவது தெரியும்.

வழி இல்லாமலில்லை. டாக்டர் படிவம் வாடகை ஒப்பந்தத்திலிருந்து தனியாக இருக்க வேண்டும். வெளி டாக்டரிடம் போவதற்காக அபராதம் போல் கட்டணம் வாங்கக் கூடாது. வண்டியும் துணையாளும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். வசிப்போரின் புகார்களைக் கேட்க ஒவ்வொரு மாநிலத்திலும் ‘ஆம்பட்ஸ்மன்’ அலுவலகம் இருக்கிறது. இந்த விடுதிகளில் வசிப்போரும் அங்கே புகார் செய்யலாம். அதன் முகவரி சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில், கண்ணாடி போட்ட கிழவர்களும் படிக்கும்படி பெரிய எழுத்தில் ஒட்டப்பட வேண்டும்.