டர்போ எஞ்சினுக்கு ஏற்ற அலுமினியப் பிளாக்



தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று கார்ப் பட்டறைகளில் தொழில் செய்கிறார்கள். அவர்களுள் சிலருக்குத் தங்கள் காரில் டர்போ பூட்டி, குதிரைச் சக்தியை இரு மடங்காக்கிப் பார்க்கும் ஆவல் பிறக்கிறது. ஆவலில் தவறில்லை. ஆனால், அதற்குச் செலவாகும் பணம் பெற்றோர் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணமாக இருக்கலாம். பிளாக் பிளந்துவிட்டால் அது ஒரே நாளில் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். ஆகவே, அலுமினியப் பிளாக்கை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதை இன்று கவனிப்போம்.

பிளாக் என்பது எஞ்சினின் அடித்தளம். 1985இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவில் அது வார்ப்பிரும்பால் ஆனது. மிட்சுபிஷி லான்சர் எவலூஷன் காரிலும் முதல் ஒன்பது வகைகளுக்கு இரும்புப் பிளாக்தான். 2007இல் வந்த பத்தாவது வகையில்தான் 4பி11 என்னும் அலுமினிய எஞ்சின் இடம்பெற்றது. காரணம் எடை. ஒரே அளவுள்ள இரும்பு, அலுமினியத்தைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் கனக்கும். அலுமினியம் வெப்பத்தையும் விரைவாகக் கடத்தும். ஆனால், சூடேறினால் இரும்பைப் போல் இரு மடங்கு விரியும். மிகுந்த சூட்டில் வலுவும் இழக்கும்.

டர்போ என்ன செய்கிறது? சாதாரண எஞ்சின் காற்றைத் தானே இழுத்துக்கொள்கிறது. டர்போவோ காற்றை அழுத்தித் திணிக்கிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூடும். வெடிப்பின் வேகமும் கூடும். 4பி11 எஞ்சினின் பிஸ்டன் குறுக்களவு 86 மில்லிமீட்டர். சிலிண்டருக்குள் அழுத்தம் 100 பார் அளவுக்கு ஏறினால், அந்தப் பிஸ்டனின் தலையில் ஏறத்தாழ 6 டன் பாரம் விழுகிறது. அதே அழுத்தம் சிலிண்டர்ச் சுவரையும் வெளியே தள்ளுகிறது. ஹெட்டை மேலே தூக்கப் பார்க்கிறது.

ஆகவே, முதலில் பார்க்க வேண்டியது பிளாக்கின் மேல்தளம். தண்ணீர்த் தொட்டிக்குள் நான்கு தம்ளர்களை, அடிப்பாகம் மட்டும் ஒட்டியிருக்குமாறு நிறுத்தியதாக நினைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பக்கம் பிடிப்பில்லாததால் தள்ளினால் அசையும். இது திறந்த தளம். தம்ளர்களின் வாயைச் சுற்றிப் பலகை போட்டு மூடி, தண்ணீர் போகச் சிறு துளைகள் மட்டும் விட்டால் அசையாது. இது மூடிய தளம். இடையிடையே பாலம் வைத்தது அரை மூடிய தளம். அதிக அழுத்தத்திற்கு மூடிய தளமோ அரை மூடிய தளமோதான் நல்லது. எஞ்சினின் பெயரை மட்டும் நம்பிவிடாதீர்கள். 2010இல் வந்த புரோட்டோன் இன்ஸ்பிராவிலும் 4பி11 உண்டு. ஆனால், அது டர்போ இல்லாத வகை. ஹெட்டைக் கழற்றி, தளத்தைக் கண்ணால் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

அடுத்தது ஸ்லீவ். ஒரு காந்தத்தைச் சிலிண்டரின் உட்சுவரில் வையுங்கள். ஒட்டினால் உள்ளே பெரும்பாலும் இரும்பு ஸ்லீவ் இருக்கும். ஒட்டாவிட்டால், அது வேறு பூச்சோ தனி அலுமினியக் கலவையோ ஆகும்; அதைச் சாதாரணப் பட்டறையில் போர் செய்து சீராக்க முடியாது.

ஹாஃப்-கட் கடையில் பழைய பிளாக் வாங்குவோர் நான்கு சோதனைகளை மறக்கக் கூடாது.

ஒன்று: நேரான எஃகுச் சட்டத்தைத் தளத்தின் மேல் நீளவாக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து, ஃபீலர் கேஜால் இடைவெளி பாருங்கள். தளம் வளைந்திருந்தால் கேஸ்கெட் நிற்காது.

இரண்டு: போரை மேல், நடு, அடி என மூன்று இடங்களில், இரு திசையிலும் அளக்கச் சொல்லுங்கள்.

மூன்று: விரிசல். அலுமினியத்தில் காந்தத்தூள் சோதனை பலிக்காது. சிவப்புச் சாயம் தெளித்துப் பார்க்கும் முறையும், நீர்வழியை அடைத்துக் காற்றழுத்தம் கொடுத்துப் பார்க்கும் முறையுமே உதவும்.

நான்கு: ஹெட் போல்ட்டுத் துளைகளின் மரைகள். அலுமினிய மரை எளிதில் உரியும். கொதித்துப்போன எஞ்சின் என்று தெரிந்தால், விலை மலிவானாலும் விட்டுவிடுங்கள். கொதித்த அலுமினியம் இளகிப் பலம் இழந்திருக்கலாம். அது கண்ணுக்குத் தெரியாது.

வாங்கிய பிறகும் கவனம் வேண்டும். வெறும் குழாய்த் தண்ணீர் அலுமினியத்தை அரித்துவிடும். தயாரிப்பாளர் சொன்ன கூலண்ட்டையே ஊற்றுங்கள். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், பிளாக் வெடிக்கக்கூடும்.

கையில் பணம் குறைவா? எடையைப் பற்றிக் கவலைப்படாமல் நல்ல இரும்புப் பிளாக்கையே வாங்கலாம். சிறு தவறுகளை அது ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

இறுதியாக ஒன்று. எஞ்சின் மாற்றுவதற்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் அனுமதி தேவை. எஞ்சின் எண் பதிவோடு ஒத்துவராவிட்டால் அபராதம் வரலாம். விபத்து நேர்ந்தால் காப்புறுதிப் பணமும் சிக்கலாகலாம். வேகத்தைச் சோதிக்க 1999இல் திறக்கப்பட்ட சிப்பாங் பந்தயத் திடல் இருக்கிறது. பொதுச் சாலை அதற்கான இடமல்ல. பெற்றோர்களே, பிள்ளையின் ஆசையைத் தடுக்க வேண்டாம். "தளத்தைப் பார்த்தாயா? அளந்து பார்த்தாயா? அனுமதி வாங்கினாயா?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் சரியாக இருந்தால், பணத்தைத் தயங்காமல் கொடுக்கலாம்.