ஆறும் எல்லைக்கோடும்

வேற்று மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நாம், திருப்பதிக்குச் செல்லுங்கால் மலையைத்தான் நோக்குகிறோம், ஆற்றை நோக்குவதில்லை. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறு நம் கண்ணில் படாததில் வியப்பொன்றுமில்லை. சுவர்ணமுகி என்பது அதன் பெயர். தமிழில் பொன்முகலி என வழங்கி வந்திருக்கிறோம். சந்திரகிரிப் பக்கத்துக் குன்றுகளின் நீரைத் திரட்டிக்கொண்டு, திருச்சானூரையும் காளத்தியையும் கடந்து, நாயுடுபேட்டை வழியே அது வங்கக் கடலை அடைகிறது.

ஒரு வட்டாரத்தில் எந்த நிலம் உழவுக்கு, எது குடியிருப்புக்கு, எது சாலைக்கு என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்வதே வட்டாரத் திட்டமாகும். அவ்வாறு வகுக்குங்கால் எதனை எல்லையாகக் கொள்வது? அமெரிக்காவில் 1933ஆம் ஆண்டில் டென்னசி ஆற்றின் பள்ளத்தாக்கையே ஓர் அலகாகக் கொண்டார்கள். நம் நாட்டில் 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் அம்முறையில் தோன்றியது. ஆயினும், பெரும்பாலான இடங்களில் வருவாய்த் துறை கீறிய கோடே திட்டத்திற்கும் எல்லையாக நின்றுவிட்டது.

சித்தூர்ச் சீமையில் இக்கோடுகள் பன்முறை மாறியிருக்கின்றன. 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953இல் அது ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்திற்கு வர, சத்தியவேடு ஆந்திரத்திற்குச் சென்றது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் மாறினவேயன்றி, நீர் செல்லும் வழி மாறவில்லை. நகரியாற்று நீர் இன்றும் கொசத்தலையாற்றோடு கூடிப் பூண்டி நீர்த்தேக்கத்திற்கே வருகிறது. பிச்சாட்டூரில் தேங்கும் ஆரணியாறு, ஊத்துக்கோட்டையைக் கடந்து பழவேற்காட்டுப் பக்கம் செல்கிறது. மழைக் காலத்தில் அங்கே மதகைத் திறந்தால், இங்கே திருவள்ளூர் மாவட்டத்துக் கரையோர மக்கள் விழித்திருக்க வேண்டியிருக்கிறது.

இதனை மறந்தால் நேர்வது யாது என்பதை 2021 நவம்பர் காட்டிற்று. திருமலையில் பெய்த பெருமழை கபில தீர்த்தத்தின் வழியே கொட்டித் திருப்பதித் தெருக்களை ஓடைகளாக்கியது. சுவர்ணமுகி கரையை அரித்தது. கரையோரத்து வீடு அடியோடு சரிந்து வெள்ளத்தில் வீழ்ந்தது. ராயலசெருவு என்னும் பழம்பெரும் ஏரியின் கரையில் கசிவு கண்டதும், கீழேயுள்ள சிற்றூர் மக்கள் வீடுவாசலை விட்டு வெளியேற நேர்ந்தது. வறண்ட ஆற்றை இறந்த ஆறென்று எண்ணிவிடலாகாது. பல்லாண்டு வாராதிருந்த வெள்ளமும் ஒருநாள் தன் பழைய வழியிலேயே வரும்.

அவ்வழியில் வீடு கட்டியவரைப் பழித்துப் பயனில்லை. அவர் தம் வாழ்நாள் சேமிப்பைக் கொண்டு மனை வாங்கியவர். அந்நிலத்தை மனையாகப் பிரிக்க இசைவு தருமுன், அது ஆற்றுக்கு உரிய இடமா என்று பார்த்திருக்க வேண்டியது திட்டத்தின் கடமை. ஆகவே, வரைபடத்தில் முதலில் ஆற்றையும், ஏரியையும், வரத்துக்காலையும், கலிங்கு நீர் வழிந்தோடும் பாதையையும் குறித்தல் வேண்டும். சாலையும் மனையும் பின்னரே வருதல் முறை. வெள்ளம் பரவும் நிலத்தைத் தோப்பாகவும், மேய்ச்சலாகவும், விளைநிலமாகவும் விட்டுவைத்தால், அது கோடையில் கிணற்றுக்கும் நீரூட்டும்.

இதற்குப் புதிய சட்டம் தேடவேண்டியதில்லை. மாவட்டத் திட்டக் குழுக்கள் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தையும் நீர்ப் பகிர்வையும் ஒருங்கே கருதவேண்டும் என்று அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் 1992இலேயே கூறியுள்ளது. முன்பு சித்தூர், நெல்லூர் என இரு மாவட்டங்களில் பிரிந்து கிடந்த சுவர்ணமுகியின் பெரும்பகுதி, 2022 முதல் திருப்பதி மாவட்டத்திலேயே அடங்கியிருக்கிறது. அரிய வாய்ப்பு இது. ஆரணியாற்றுக்கும் கொசத்தலைக்குமோ, இரு மாநிலங்களும் ஒரே வரைபடத்தை விரித்து வைத்து அமர்ந்தாலன்றி வழி பிறவாது.

நாமும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. தொலைவிலிருந்தபடியே சொந்த ஊர்ப் பக்கம் மனை வாங்க எண்ணும் அன்பர்கள், பத்திரத்தைப் பார்ப்பதோடு நில்லாமல், கிராம நில அளவைப் படத்தையும் கேட்டு வாங்கிப் பார்க்கவேண்டும். அதில் ஏரியோ, ஓடையோ, கால்வாயோ காணப்படின், மழைக்காலத்தில் ஒருமுறை நேரில் சென்று அவ்விடத்தைக் கண்டபின் முன்பணம் கொடுப்பது நன்று.